அதே வாசல் அடுத்த வருடமும் திறக்க வேண்டும்

கேள்வி: நான் திருகோணமலை உவர்மலையில் வசிக்கிறேன். முன்பு ஒரு தொண்டு நிறுவனத்தில் நிர்வாக உதவியாளராக இருந்தேன். இப்போது அல்சைமர் நோய் பற்றிய ஆய்வுத் திட்டம் ஒன்றுக்கு மாவட்ட இணைப்பாளராகச் சேர்ந்திருக்கிறேன். 60 வயதுக்கு மேற்பட்டவர்களை மூன்று வருடம் தொடர்ந்து பார்த்து, ஞாபகசக்தி எப்படி மாறுகிறது என்று பதிய வேண்டும். என் பொறுப்பில் ஆறு வெளிக்கள உதவியாளர்கள் இருக்கிறார்கள். கொழும்பில் இருக்கும் பேராசிரியர் வாராவாரம் போன் எடுத்து "எத்தனை பேர் சேர்ந்தாச்சு?" என்று மட்டும் கேட்கிறார். வீடுகளிலோ "மருந்து தருவீங்களா பிள்ளை?" என்று கேட்கிறார்கள். ஒரு வீட்டில் கனடாவில் இருக்கும் மகன் வட்ஸ்அப்பில் சம்மதம் தந்துவிட்டு, அம்மாவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்கிறார். இன்னொரு வீட்டில் ஐயாவை அறைக்குள் வைத்துப் பூட்டியிருந்ததை எங்கள் பிள்ளை ஒருத்தி கண்டிருக்கிறாள். ஓர் உதவியாளரின் படிவங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதாகவும் எனக்குச் சந்தேகம். நான் மருத்துவம் படித்தவள் அல்ல. இதை எப்படிக் கொண்டு நடத்துவது?

பதில்: அன்பான தங்கைக்கு,

மருத்துவம் படிக்கவில்லை என்பதை ஒரு குறையாக எழுதியிருக்கிறீர்கள். இந்த வேலையில் அது குறையே இல்லை. யாருக்கு நோய் இருக்கிறது என்று சொல்வது வைத்தியரின் பொறுப்பு. எந்தக் கேள்வி கேட்பது, கிடைத்ததை எப்படிக் கணக்கிடுவது என்பது பேராசிரியரின் பொறுப்பு. இன்று உங்களுக்கு வாசல் திறந்த வீடு அடுத்த வருடமும், அதற்கு அடுத்த வருடமும் திறக்கச் செய்வதுதான் உங்கள் பொறுப்பு. மூன்று வருடத் திட்டத்தில் இதைவிடப் பெரிய வேலை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். அல்சைமர் மெதுவாக வரும் நோய். மூளையில் அமிலோயிட் என்ற புரதம் படிவது, மறதி வெளியே தெரிவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஆகவே ஒரு நாளில், ஒரு மணித்தியாலத்தில் ஞாபகசக்திப் பரீட்சையில் எடுத்த புள்ளி அதிகம் பேசாது. 30 க்கு 22 எடுத்த ஒரு பெண்மணி இருபது வயதிலும் அதே 22 தான் எடுத்திருப்பாரோ என்னவோ. முதல் வருடம் 28 எடுத்தவர் மூன்றாம் வருடம் 24 எடுத்தால் அதுதான் செய்தி. அந்தச் செய்தி கிடைக்க மூன்றாம் வருடமும் அவர் உங்கள் முன்னால் உட்கார வேண்டும்.

இடையில் விலகிப் போகிறவர்கள் கண்டபடி விலகுவதில்லை என்பதையும் கவனியுங்கள். நோய் கூடியவர், மகளோடு இருக்க மட்டக்களப்புக்கோ கொழும்புக்கோ போனவர், படுக்கையில் விழுந்தவர், இறந்தவர் ஆகியோர்தான் முதலில் பட்டியலிலிருந்து மறைவார்கள். நடமாட்டமும் தெளிவும் உள்ளவர்கள் மட்டும் எஞ்சுவார்கள். கடைசியில் கணக்குப் பார்த்தால், திருகோணமலையில் முதியவர்களுக்கு ஞாபகசக்தி குறைவதே இல்லை என்று ஆய்வு சொல்லும்! தரவு பொய்யில்லாமலே முடிவு பொய்யாகிவிடும். ஆகவே பேராசிரியர் "எத்தனை பேர்?" என்று கேட்கும்போது ஓர் எண்ணை மட்டும் கொடுக்காதீர்கள். சேர்ந்தவர்கள், இந்த மாதம் மீண்டும் பார்க்க வேண்டியவர்கள், பார்க்கப்பட்டவர்கள், மறுத்தவர்கள், இடம் மாறியவர்கள், இறந்தவர்கள் என்று ஆறு எண்களைக் கொடுங்கள். கேட்கப்படாவிட்டாலும் கொடுங்கள். சில வாரங்களில் அவரே அவற்றைக் கேட்கத் தொடங்குவார்.

இனி இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஒருவரின் புள்ளி குறைவாக வந்தால் அடுத்து அவரை எங்கே அனுப்புவது என்பது உங்களிடம் எழுத்தில் இருக்கிறதா? இல்லையென்றால், அது ஏற்பாடாகும்வரை புதிதாக ஆட்களைச் சேர்ப்பதை நிறுத்தி வையுங்கள். மறதி என்று வருகிற எல்லாமே அல்சைமர் அல்ல. தைரொயிட் குறைபாடு, விற்றமின் பி12 குறைவு, மனச்சோர்வு, நித்திரைக் குளிசைகள், சலரோகக்காரருக்குச் சீனி அடிக்கடி இறங்கிப்போவது, தலையில் அடிபட்டு மெல்லக் கசியும் இரத்தம், முதியவர்களில் சிறுநீர்த் தொற்றோடு திடீரென வரும் குழப்பம் ஆகிய எல்லாமே மறதிபோலத் தோன்றலாம். இவற்றில் பல சரிசெய்யக்கூடியவை. காது கேளாதவரும், கண்ணில் வெள்ளை படர்ந்தவரும் பரீட்சையில் தோற்பது வேறு கதை. நம் வீடுகளில் இவை அத்தனைக்கும் ஒரே விளக்கம்தான்: "வயசு போட்டுது, அறளை பேந்திட்டுது." அந்த விளக்கத்தோடு ஒரு பி12 ஊசி கிடைக்காமல் எத்தனை பேர் மூலையில் உட்கார வைக்கப்பட்டிருப்பார்கள்!

எனவே மாவட்டப் பொது வைத்தியசாலையில் மனநலப் பிரிவோடும் மருத்துவக் கிளினிக்கோடும் பேசி, உங்கள் திட்டத்திலிருந்து வருகிறவர்களை எந்த நாளில், எந்தத் துண்டோடு அனுப்புவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். மூதூர், கிண்ணியா, குச்சவெளிப் பக்கத்துக்கு அந்தந்தச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் ஒருவருக்காவது உங்கள் முகம் தெரிந்திருக்க வேண்டும். பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரிடம் அனுமதிக் கடிதம் பெறும்போதே இதையும் கேட்டு வாங்கலாம். பராமரிப்பவர்களுக்கான தகவலுக்குக் கொழும்பு மருதானையில் இயங்கும் லங்கா அல்சைமர் பவுண்டேஷனைத் தொடர்புகொள்ளலாம். அகாலத்தில் மனம் உடைந்து அழைக்க 1926 என்ற தேசிய மனநல இலக்கம் உண்டு. இந்த இலக்கத்தை ஒவ்வொரு வீட்டிலும் கொடுத்துவிட்டு வாருங்கள்.

அடுத்து, முதல் வருகையில் வாசலில் நின்று சொல்லும் முதல் வசனம். திருகோணமலைச் சனத்துக்குப் படிவம் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 2004 சுனாமிக்குப் பின் கரையோரத்தில் எத்தனை நிறுவனங்கள் வந்து பெயர் எழுதிப் போயின! 2006 இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் முகாம் முகாமாகப் பதியப்பட்டார்கள். இப்போது அஸ்வெசும என்ற அரசாங்க நலன்புரிக் கொடுப்பனவு. ஆகவே கோப்போடு ஒருவர் வாசலில் நின்றால் சனம் இரண்டில் ஒன்றைத்தான் நினைக்கும்: ஏதோ தரப் போகிறார்கள், அல்லது ஏதோ விசாரிக்க வந்திருக்கிறார்கள். இரண்டு நினைப்பும் உங்கள் ஆய்வைக் கெடுக்கும். தரப் போகிறார்கள் என்று நினைத்தால் இல்லாத மறதியையும் இருக்கிறது என்பார்கள். விசாரிக்கிறார்கள் என்று நினைத்தால் இருப்பதையும் மறைப்பார்கள்.

அதனால் "நாங்கள் அரசாங்க உதவிக்குப் பெயர் எழுத வரவில்லை, இதில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் உங்கள் கொடுப்பனவில் எந்த மாற்றமும் வராது" என்பதை முதல் நிமிடத்திலேயே சொல்லச் சொல்லுங்கள். கிராம உத்தியோகத்தரை அறிமுகத்துக்கு மட்டும் அழையுங்கள். நேர்காணலில் அவர் உட்காரக் கூடாது. அஸ்வெசும விடயத்தில் அவரோடு மனத்தாங்கல் உள்ள வீடு உங்களோடும் மனத்தாங்கலாகிவிடும். முதியோர் சங்கக் கூட்டத்தில் ஒருமுறை போய்ப் பேசுவது பத்து வீட்டுக்கு அலைவதைவிட நல்லது. கோயில் தலைவரும் பள்ளிவாசல் நிர்வாகமும் விஷயத்தை அறிந்திருந்தால் பாதிச் சந்தேகம் தானாகக் கரையும்.

"மருந்து தருவீங்களா?" என்பதற்கு நேர் பதில், "இல்லை." இதைச் சுற்றி வளைக்கச் சுற்றி வளைக்க, அடுத்த வருடம் கதவு சாத்தப்படும் வாய்ப்பு கூடும். யூடியூபில் பார்த்துவிட்டு இன்னும் கேட்பார்கள், அதற்கும் உங்கள் பிள்ளைகள் ஆயத்தமாக இருக்கட்டும். லெகனெமாப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2023 இல் முழு அங்கீகாரம் கிடைத்தது. 2024 இல் டொனனெமாப் வந்தது. இரண்டும் நாளத்தின் வழியாக ஏற்றும் மருந்துகளாக வந்தவை, நோயின் ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்களுக்கானவை. போன ஞாபகத்தை இவை திருப்பித் தருவதில்லை. 18 மாதப் பரிசோதனையில் லெகனெமாப் எடுத்தவர்களுக்கு நிலைமை மோசமாகும் வேகம் மற்றவர்களைவிட 27% குறைந்திருந்தது, அவ்வளவுதான். மூளை வீக்கமும் சிறு இரத்தக் கசிவும் வரக்கூடும் என்பதால் இடையிடையே எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கவும் வேண்டும். "ரத்தம் எடுத்தாலே தெரியுமாமே" என்பார்கள். 2025 மே மாதம் அப்படியொரு இரத்தப் பரிசோதனைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது உண்மை. ஆனால் அது ஏற்கெனவே அறிகுறி உள்ள, 55 வயதைத் தாண்டியவர்களை விசேட வைத்தியர் பார்க்கும்போது துணைக்கு எடுப்பது. ஊரெல்லாம் வரிசையில் நிறுத்திப் பார்ப்பதற்கானது அல்ல.

சரி, மருந்தும் இல்லை, பணமும் இல்லை என்றால் அந்த வீட்டுக்கு நீங்கள் எதைக் கொடுக்கிறீர்கள்? ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்பது என் கட்சி. முதல் வருகையிலேயே இரத்த அழுத்தம் பார்த்துக் கிளினிக் கொப்பியில் எழுதிக் கொடுங்கள். காது, கண் பார்த்து, தேவையானால் துண்டு எழுதுங்கள். உயர் இரத்த அழுத்தம், காது கேளாமை, திருத்தப்படாத பார்வைக் குறைவு, சலரோகம், புகைத்தல், தனிமை ஆகியவை அடங்கிய 14 காரணிகளை, வாழ்நாள் முழுக்கக் கவனித்தால் உலகில் முதுமை மறதி நோயில் (டிமென்ஷியா; அல்சைமர் அதன் முக்கிய வகை) ஏறக்குறைய 45% ஐத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024 இல் கணித்தது. ஆகவே இது ஒப்புக்குச் செய்கிற உபகாரம் இல்லை, நோயோடு நேரடியாகத் தொடர்புள்ள வேலைதான். மகளுக்கும் மருமகளுக்கும் இது கண்ணால் காணக்கூடிய பயன் என்பதும் முக்கியம்.

இனி அந்தக் கனடா மகன். நம் மாவட்டத்தில் இது ஒரு வீட்டின் கதையாக இராது. பணம் அனுப்புகிறவர்தான் தீர்மானிப்பவர் என்று வீடே ஏற்றுக்கொண்டுவிட்டது. அம்மாவும், "தம்பி சொன்னால் சரி" என்பார். இருந்தாலும் ஆய்வில் சேர்வது அம்மாவின் உடம்பும் அம்மாவின் நேரமும் சம்பந்தப்பட்டது. மகனின் வட்ஸ்அப் குரல் உங்கள் சம்மதப் படிவம் ஆகாது. அவருடைய ஆதரவு தேவைதான், அதை அன்போடு வாங்குங்கள். அதை அம்மாவின் சம்மதத்துக்குப் பதிலாக எடுக்காதீர்கள்.

மறதி உள்ளவர் சம்மதம் தர முடியுமா என்று கேட்பீர்கள். பலர் தரலாம். நோய்ப் பெயர் ஒட்டியவுடன் தீர்மானிக்கும் திறன் போய்விடுவதில்லை. திட்டத்தை எளிய தமிழில் சொல்லிவிட்டு, "அம்மா, நாங்கள் என்ன செய்யப் போறம் எண்டு நீங்க எனக்குச் சொல்லுங்கோ பார்ப்பம்" என்று கேட்கச் சொல்லுங்கள். தன் வார்த்தையில் ஓரளவு திருப்பிச் சொல்கிறாரா, தனக்கு இது என்ன என்று புரிகிறதா, வேண்டாம் என்றால் என்ன ஆகும் என்று தெரிகிறதா, ஆம் அல்லது இல்லை என்று ஒரு முடிவைச் சொல்கிறாரா என்று பாருங்கள். இந்த நான்கும் இருந்தால் கையெழுத்து அவருடையதே. எழுதத் தெரியாதவர் பெருவிரல் அடையாளம் இடலாம், ஆனால் திட்டத்தோடு சம்பந்தமில்லாத ஒருவர் சாட்சியாக இருந்து வாசித்துக் கேட்டிருக்க வேண்டும். திறன் போதாதென்றால், உங்கள் ஒழுக்கநெறி மீளாய்வுக் குழு அனுமதித்த முறைப்படி உறவினர் ஒருவரின் சம்மதம். அப்போதும் அம்மாவின் இசைவு வேண்டும். வாயால் சொல்ல வேண்டும் என்றில்லை. கையைத் தட்டிவிடுகிறார், முகத்தைத் திருப்புகிறார், எழுந்து போகப் பார்க்கிறார் என்றால் அன்றைய வேலை முடிந்தது. மகன் என்ன சொல்லியிருந்தாலும் முடிந்ததுதான்.

முதல் வருகையில், அவர் தெளிவாக இருக்கும்போதே, இன்னொரு கேள்வியையும் கேட்டுப் பதிந்துவிடுங்கள்: "பிறகு உங்களுக்கு விளங்காமல் போனால், உங்களுக்காக யாரிடம் கேட்க வேண்டும்?" பெரும்பாலும் கனடா மகனின் பெயர் வராது. பக்கத்து வீட்டில் இருக்கும் மகளின் பெயர் வரும். மூன்றாம் வருடத்தில் அந்த ஒரு வரி உங்களைப் பல தலையிடிகளிலிருந்து காப்பாற்றும். சம்மதத்தை ஒவ்வொரு வருடமும் புதிதாகக் கேட்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

"அம்மாவிடம் சொல்ல வேண்டாம்" என்று அவர் சொன்னதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. உங்கள் குழு யாருக்கும் நோயின் பெயரைச் சொல்லாது, சொல்லவும் கூடாது. உங்களிடம் இருப்பது ஒரு புள்ளி, நோய் நிர்ணயம் அல்ல. படிவத்தின் தொடக்கத்திலேயே "முடிவைத் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா? வேறு யாருக்குச் சொல்லலாம்?" என்று அம்மாவிடமே கேட்டு எழுதுங்கள். அவர் "எனக்கு வேண்டாம் பிள்ளை, மகளிட்டச் சொல்லு" என்றால் அது அவருடைய விருப்பம். "சொல்லு" என்றால், வைத்தியர் சொல்லட்டும். மகனுக்கு இதை விளக்கும்போது அவர் கோபப்படக்கூடும். தூரத்தில் இருக்கும் பிள்ளையின் பயம் அது. பொறுமையாக ஒரு அழைப்பு எடுத்துப் பேசுங்கள், வருடத்துக்கு ஒருமுறை அவருக்கும் ஒரு செய்தி அனுப்புங்கள். நல்லபடி பேசினால் உங்கள் திட்டத்தில் கடைசிவரை நிற்கும் ஆதரவாளர்களில் ஒருவராக அவர் மாறவும் கூடும்.

பரீட்சை பற்றி உங்கள் கடிதத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் அதுவும் உங்கள் கையில்தான் இருக்கிறது. பள்ளிக்கூடம் கண்டிராத ஒரு பெண்மணியிடம் ஐங்கோணத்தைப் பார்த்து வரையச் சொன்னால் அவர் தோற்பது மறதியால் அல்ல, பென்சில் பிடித்துப் பழக்கமில்லாததால். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கத் தெரியாதவர் சந்தையில் மீன் விற்று மிச்சக் காசு சரியாகக் கொடுப்பார். உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பில் 2021 இல் 5.7 கோடிப் பேர் முதுமை மறதியோடு வாழ்ந்தார்கள், அவர்களில் 60% க்கு மேல் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில். ஆராய்ச்சியோ பெரும்பாலும் பணக்கார நாடுகளில் நடந்தது. நோயாளிகளில் 66% பேர் வாழும் நாடுகளில் ஆராய்ச்சியில் 10% கூட நடப்பதில்லை என்ற அந்த ஏற்றத்தாழ்வைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்ட "10/66" என்ற ஆய்வுக் குழு, படிப்பு குறைந்தவர்களுக்கும் பொருந்தும்படி அமைத்த கேள்விக்கொத்தைச் சென்னையிலும் வேலூரிலும் பயன்படுத்தியது. அதில் முதியவரைக் கேட்பதோடு, அவரை அறிந்த ஒருவரிடம், "முன்பு செய்த எந்த வேலையை இப்போது செய்யமாட்டார்?" என்ற வகைக் கேள்விகளும் உண்டு. உங்கள் பேராசிரியர் எதைத் தெரிவு செய்திருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். நம் நாட்டில் ராகமைப் பகுதியில் நடந்து 2003 இல் வெளியான ஆய்வு, 65 வயதைத் தாண்டியவர்களில் 100 க்கு சுமார் 4 பேருக்கு முதுமை மறதி இருப்பதாகக் கண்டது. மூதூரிலோ வெருகலிலோ அதே எண் வருமா என்பதைத் தவறான பரீட்சையால் கண்டுபிடிக்க முடியாது.

வயதும் சிக்கல்தான். பழைய அடையாள அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு எண்கள் பிறந்த வருடம், ஆனால் அந்த வருடமே சிலருக்கு யாரோ உத்தேசமாக எழுதிக் கொடுத்தது. ஊர் நினைவுகளை வைத்துக் கேட்க ஓர் அட்டவணை தயாரியுங்கள். 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி யப்பான்காரன் குண்டு போட்டபோது பிறந்திருந்தாரா? 1957 டிசம்பர் வெள்ளத்தின்போது எவ்வளவு பெரிய பிள்ளை? 1964 டிசம்பர் சூறாவளிக்கு முன்பு சாமத்தியப்பட்டாரா, பின்பா? இப்படிக் கேட்டால் ஒன்றிரண்டு வருடத்துக்குள் வந்துவிடலாம். கேட்கப் போனவருக்கு நல்ல கதைகளும் கிடைக்கும். அவசரப்பட்டு நிறுத்த வேண்டாம், அந்தப் பேச்சில்தான் நெருக்கம் வருகிறது.

நேர்காணலைக் காலையில் வையுங்கள். பின்னேரமானால் இந்த நோயாளிகளுக்குக் குழப்பமும் பதற்றமும் கூடுவது வழமை. மூக்குக்கண்ணாடி முகத்தில் இருக்கட்டும். தொலைக்காட்சி நிற்கட்டும். மருமகள் பக்கத்தில் இருந்தால் பதிலை அவர் சொல்லிவிடுவார், பாவம், மாமி தோற்பதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் மாமியோடு விறாந்தையில், மற்றவர் மருமகளோடு குசினியில். மாமியின் நடத்தை பற்றியும், பார்ப்பதில் உள்ள சுமை பற்றியும் மாமி காதுபட மருமகளிடம் ஒருபோதும் கேட்கக் கூடாது.

சந்தேகமான படிவங்களுக்கு வருகிறேன். சந்தேகப்படுகிறீர்கள் என்றால் பெரும்பாலும் காரணம் இருக்கும். கிரமமாகப் பாருங்கள்: தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் எப்போதும் நேர் அரை மணித்தியாலமா? "தெரியாது", "மறுத்தார்" என்ற பதிலே இல்லையா? போன வீட்டில் எல்லாம் ஆட்கள் இருந்தார்களா? வரைந்த படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண்பது வயதுக் கையின் கோடு நடுங்கும், இருபத்தைந்து வயதுக் கை எவ்வளவு நடித்தாலும் அந்த நடுக்கம் வராது. பிறகு எல்லா உதவியாளரின் வீடுகளிலும் பத்தில் ஒன்றுக்கு நீங்களே திரும்பப் போய் நாலு கேள்வி கேளுங்கள். அந்த ஒருவரின் வீடுகளுக்கு மட்டும் போனால் ஊருக்கே தெரிந்துவிடும். பொய் என்று உறுதியானால் அந்தப் படிவங்கள் முழுவதையும் ஒதுக்கிவைத்து, பேராசிரியருக்கு எழுத்தில் அறிவியுங்கள். மூடி மறைத்தால் பழி உங்கள் மேல்தான்.

ஆனால் அதற்கு முன், படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அப்படியென்றால் பொய்ப் படிவத்துக்கு விலையை நாமே குறித்திருக்கிறோம். வெருகலுக்குப் பஸ் பிடித்துப் போய், ஐயா கிளினிக் போய்விட்டார் என்று வெறுங்கையோடு திரும்பும் பிள்ளைக்கு அன்று சம்பளமே இல்லை என்றால் அவள் என்ன செய்வாள்? நாட்கூலியாக மாற்றுங்கள். பூட்டிய வீட்டுக்குப் போனதும் வேலைதான்.

அறைக்குள் பூட்டப்பட்ட ஐயா. இதில் உடனே பொலிஸ் என்றும் போகாதீர்கள், கண்டும் காணாமலும் இருக்காதீர்கள். பல வீடுகளில் பூட்டு என்பது கொடுமையைவிடக் கையறுநிலையின் அடையாளம். கணவன் கட்டாரில், இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், மாமனார் கேற்றைத் திறந்து கடற்கரைக்கு இறங்கிவிடுவார், வளவுக்குள் கட்டில்லாத கிணறு வேறு. ஒரு பெண் என்ன செய்வாள்? அங்கே தேவைப்படுவது, கேற்றின் உயரத்தில் அவர் கைக்கு எட்டாத கொழுக்கி, கிணற்றுக்கு மூடி, கையில் பெயரும் போன் இலக்கமும் எழுதிய வளையம், அயலவர் நாலு பேருக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது, வாரத்தில் ஒருநாள் பின்னேரம் வேறு யாராவது வந்து பார்த்துக்கொள்வது. வெளியே அலைவது இந்த நோயின் குணம், அவரது பிடிவாதம் அல்ல என்று யாராவது ஒருமுறை விளங்கப்படுத்தினாலே அந்த வீட்டில் பாதிச் சண்டை குறையும்.

அடிகாயம், பட்டினி, அழுக்கோடு கிடத்தல் என்று கண்டால் அது வேறு. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமை மேம்பாட்டுக்குப் பொறுப்பான உத்தியோகத்தரும் இருப்பார். எந்த நிலையில் யாருக்கு, எத்தனை மணித்தியாலத்துக்குள் சொல்வது என்பதை ஒரு பக்கத்தில் எழுதி, ஒழுக்கநெறிக் குழுவின் அங்கீகாரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். சம்மதப் படிவத்திலும், "ஆபத்து என்று கண்டால் இரகசியம் காக்க மாட்டோம்" என்ற வரி இருக்க வேண்டும். இதைக் கண்டு சொன்ன அந்தப் பிள்ளையை மறந்துவிடாதீர்கள். இருபது வயதில் இதையெல்லாம் பார்த்துவிட்டு இரவில் நித்திரை வராது. வெள்ளிக்கிழமையோ சனிக்கிழமையோ, படிவம், கணக்கு எதுவும் இல்லாமல், தேத்தண்ணியோடு ஒரு மணித்தியாலம் எல்லோரும் உட்கார்ந்து மனதில் உள்ளதைப் பேச வழி செய்யுங்கள்.

தகவல் பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக: பெயரும் முகவரியும் ஒரு கோப்பில், இலக்கமிட்ட பதில்கள் இன்னொன்றில், இரண்டையும் இணைக்கும் பட்டியல் பூட்டிய அலுமாரியில். படிவத்தைப் படம் பிடித்து வட்ஸ்அப் குழுவில் போடுவதை இன்றோடு நிறுத்துங்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட வகையாகக் கருதுகிறது.

நாட்காட்டியை ஊரோடு சேர்ந்து போடுங்கள். வாடைக் காற்றும் மழையுமாக நவம்பர் முதல் ஜனவரி வரை வெருகல், மூதூர்ப் பக்கம் வருகை குறிக்க வேண்டாம். கிண்ணியாவில் வெள்ளி மதியமும் நோன்பு மாதமும் ஒதுக்குங்கள். தம்பலகாமத்தில் அறுவடைக் காலத்தில் வீட்டில் ஆளிருக்காது. ஆடி அமாவாசைக்குத் திருக்கோணேச்சரப் பக்கம் போகும் கூட்டத்தில் உங்கள் பட்டியலில் பாதிப் பேர் இருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் மூன்று பேரின் தொடர்பு இலக்கம் வாங்குங்கள், அதில் ஒருவர் வேறு ஊரில் இருப்பவராக இருக்கட்டும். இடையில் ஒரு தடவை, ஒன்றும் கேட்காமல், சுகம் விசாரித்து மட்டும் போன் எடுங்கள். ஒருவர் இறந்துவிட்டால் செத்த வீட்டுக்குப் போங்கள். அங்கே படிவம் வேண்டாம், கடைசி மாதங்கள் பற்றிய கேள்விகளை எட்டுச் செலவும் முப்பத்தொன்றும் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இவை எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். அது உங்கள் வரவுசெலவில் இல்லை என்று நினைக்கிறேன். பேராசிரியருக்கு இந்த வாரமே எழுதுங்கள். தயங்குவீர்கள் என்பதால் வாசகத்தையே தருகிறேன், தேவையானதை மாற்றிக்கொள்ளுங்கள்:

"மதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களுக்கு, புதிய ஆட்சேர்ப்பை இரண்டு வாரங்கள் நிறுத்தி, வைத்தியசாலை அனுப்புகை ஒழுங்கையும் சம்மத நடைமுறையையும் சரிசெய்ய அனுமதி வேண்டுகிறேன். உதவியாளர்களுக்குப் படிவக் கூலிக்குப் பதிலாக நாட்கூலி, தூர இடங்களுக்கு ஆட்டோச் செலவு, கிளினிக்குக்கு வரும் முதியவருக்கும் துணைக்கு வருபவருக்கும் பயணச் செலவு ஆகியவற்றை வரவுசெலவில் சேர்க்க வேண்டும். ஓர் உதவியாளரின் படிவங்களை மீளச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன், முடிவை எழுத்தில் அறிவிப்பேன். இரண்டாம் வருடத்தில் எத்தனை வீதமானோரை மீண்டும் பார்த்தால் ஆய்வு செல்லுபடியாகும் என்பதைத் தயவுசெய்து இப்போதே எனக்குத் தெரிவியுங்கள். வாராந்த அறிக்கையை அந்த எண்ணை வைத்தே தயாரிக்க விரும்புகிறேன்."